சிவப்புப் பெட்டிக்குள் போன காப்பு

காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் வார்டுக்குள் நுழைந்ததும் நான் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. நேரே போய் ஒவ்வொருவர் கையையும் தொடுவேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தோலுக்கடியில் கயிறு போலத் தடித்திருக்கும் ரத்தக்குழாயின் மேல் இரண்டு விரலை வைப்பேன். உள்ளே விர்ரென்று அதிர்ந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்கு ஊசி போடலாம். அதிரவில்லை என்றால் நலம் விசாரித்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. சர்ஜன் கையைத் திறந்து தமனியையும் சிரையையும் ஒன்றோடொன்று தைத்துவிடுவார். ரத்தம் குறுக்கு வழியில் வேகமாகப் பாய்ந்து சிரை விரல் தடிமனுக்கு வீங்கும். வாரத்தில் மூன்று நாள் அதில் இரண்டு பெரிய ஊசிகளைக் குத்துவோம். ஒன்று வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றது வழியாகச் சுத்தமாகி உடம்புக்குத் திரும்பும். சிறுநீரகம் செத்துப்போனவர்களுக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் மூச்சு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஏழு நாற்காலிகள் இருக்கின்றன. வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

மூன்றாம் நாற்காலி பேகி மபாசோவுடையது. முப்பத்தெட்டு வயது, டாக்ஸி வேன் ஓட்டியவன். என் பெயர் தோகோசிலே மபாசோ. குலப்பெயர் ஒன்று என்பதால் வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். நான் திட்டுவதையும் தம்பிக்குரிய உரிமையோடு வாங்கிக்கொள்வான்.

"இன்ஜின் ஓடுதா அக்கா?" என்பான், நான் விரலை வைத்ததும்.

"இன்ஜின் நல்லாத்தான் ஓடுது. டிரைவர்தான் உருப்படல. ரெண்டு கிலோ தண்ணி ஏத்திட்டு வந்திருக்க."

"வெயில் அக்கா. நாக்கு வறண்டு போச்சு."

"நாக்கை நனைச்சுக்கோ. வயித்தை ஏன் நனைச்ச?"

அந்த இடது கைதான் அவனுக்குக் கடைசி. கழுத்தின் வலப்பக்கம் டியூப் போட்டோம், ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இடப்பக்கமும் அப்படியே. தொடையில் போட்டது சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோகப் பார்த்தது. வலது கையில் வைத்த ஃபிஸ்டுலா மூன்றே வாரத்தில் நின்றது. பழைய கத்திக்குத்து ஆபரேஷனால் வயிறு வழியாக டயாலிசிஸ் செய்வதற்கும் இடமில்லை. இடது மணிக்கட்டில் தையல் போட்ட அன்று சர்ஜன் என் எதிரிலேயே சொன்னார்: "மபாசோ, இது நின்னா என்கிட்ட வேற வழி கிடையாது."

அந்தக் கையில் என்னென்ன கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வாட்ச் கூடாது, வளையல் கூடாது, பை மாட்டக் கூடாது, அதன்மேல் தலைவைத்துத் தூங்கக் கூடாது. ஆட்டுத்தோல் காப்பு கூடாது என்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியவள் நான்தான்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை பேகி முழுக்கைச் சட்டை போட்டு வந்தான். வெளியே தார் உருகும் வெயில்.

"என்னடா, பொண்ணு பார்க்கக் கூப்பிட்டாங்களா? முழுக்கை மாட்டிக்கிட்டு வந்திருக்க?"

"குளிருது அக்கா."

"இந்த வெயில்லயா? கையைக் காட்டு."

"காலைல நானே தொட்டுப் பார்த்தேன். ஓடுது."

"நீ டிரைவர், நான் மெக்கானிக். காட்டுடா."

பொத்தானை நானே கழற்றினேன். மணிக்கட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஆட்டுத்தோல். கறுப்பும் வெள்ளையுமாக மயிர் அப்படியே இருந்தது. உட்பக்கம் இன்னும் ஈரம். ஸ்பிரிட் வாடையையும் மீறிக்கொண்டு ஆட்டு வாடை அடித்தது.

எனக்கா தெரியாது? கல்யாணத்தின்போது நானும் கட்டியிருந்தேன். முன்னோருக்கு ஆட்டை அறுத்து, அதன் தோலில் ஒரு பட்டை கீறி, பச்சையாகவே மணிக்கட்டில் மாட்டுவார்கள். காயக் காய அது இறுகும். நைந்து தானாக அறுந்து விழும்வரை அதை வெட்டக் கூடாது. முன்னோர் கையைப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். பிடித்த கையை யார் உதறுவார்கள்?

விரலை வைத்தேன். அதிர்வு பாதியாகக் குறைந்திருந்தது.

"எந்தப் புத்திகெட்டவன் கட்டினான் இதை?"

"எங்க மாமா. வேலாபி மாமா. சனிக்கிழமை எங்க ஊர்ல, ம்சிங்கால வெச்சு."

"வலது கைல கட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வலது கை அப்பா வழிக்கு, அக்கா. உங்களுக்குத் தெரியாததா? எங்கப்பன் என் மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல, மபாசோங்கறதே அம்மா வீட்டுப் பேருதான். அந்த வீட்டு ஆட்டுக்கு நான் எங்க போவேன்?"

அவன் சொன்னது இதுதான். பிறந்த குழந்தையை முன்னோருக்குக் காட்ட ஆடு அறுப்பது எங்கள் வழக்கம். பேகிக்கு யாரும் அதைச் செய்யவில்லை. அவன் அம்மா டர்பனில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள், அவன் எங்கெங்கோ வளர்ந்தான். சிறுநீரகம் போனபோதே குறிசொல்பவள் சொன்னாளாம், உன்னை அவங்களுக்கு யாருன்னே தெரியல என்று. அப்போது அவன் சிரித்துவிட்டான். இப்போது ஏன் செய்தான் என்றால், போன மாதத்திலிருந்து அவன் மகள் நொம்வேலோவுக்குக் காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கிறது. பதினோரு வயது அவளுக்கு.

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது அக்கா. கண்ணு வீங்கி, மத்தியானம் சரியாயிடும். குறிசொல்றவ சொன்னா, அவங்க உன் வாசல்ல நின்னு பார்த்தாங்க, நீ கதவைத் திறக்கல, அடுத்த வாசலுக்குப் போறாங்கன்னு."

அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

"புதன்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு வா. சிறுநீர் பார்க்கலாம்" என்றேன். "இந்தக் காப்பைக் கழட்டணும் தம்பி. இது காய்ஞ்சா உன் கை போயிடும்."

"கை போனா நான் போவேன். காப்பு போனா அவ போவா. நீங்களே சொல்லுங்க."

அன்று காப்புக்கு மேலே முழங்கைப் பக்கமாக ஊசி போட்டுச் சமாளித்தேன்.

புதன்கிழமை நொம்வேலோவும் வந்தாள். இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடை. கண்ணுக்குக் கீழே நீர் கோத்திருந்தது. சிறிய குப்பியில் மாதிரி எடுத்து, தேதியை எழுதி லேபுக்கு அனுப்பினேன். அந்தத் தேதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவள் அப்பாவின் நாற்காலிக்கு அருகே நின்று அவன் கையில் இரண்டு விரலை வைத்தாள். நான் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"மெதுவா ஓடுது சிஸ்டர்" என்றாள்.

தோல் காய்ந்து மரப்பட்டை போல் ஆகியிருந்தது. அவன் விரல்கள் உப்பியிருந்தன. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கத்தரியைக் கேட்டார். பேகி கையை மார்போடு அணைத்துக்கொண்டான், பிடித்திழுத்தால் கடித்துவிடுவான் போலிருந்தது. அவனுடைய சம்மதம் இல்லாமல் தொடமுடியாது என்று டாக்டர் போய்விட்டார். நான் அவன் போனிலேயே ம்சிங்காவுக்குப் பேசினேன்.

வேலாபி பெரியவர் நிதானமான ஆள். என் குலப்பெயரைக் கேட்டதும் மகளே என்றார். நானும் சித்தப்பா என்று அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கை விஷயம் எனக்கு யாரும் சொல்லலம்மா. சொல்லியிருந்தா வேற ஏதாச்சும் யோசிச்சிருப்பேன். சரி, வெள்ளிக்கிழமை நான் வர்றேன். புகை போட்டு, அவங்ககிட்ட சொல்லி, நானே கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சுக்கறேன். சொன்னா கேட்பாங்க. சொல்லாம செஞ்சாத்தான் கோபம். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க."

"வெக்கமாட்டேன் சித்தப்பா" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பேகி சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடுதா என்று கேட்கவில்லை. நான் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாமல் மறுபடி வைத்தேன். எங்கோ அடியில், தூரத்தில் பூச்சி ரீங்கரிப்பதுபோல ஒரு நூல். அது நின்று நின்று வந்தது.

"மாமா எங்க?"

"டாக்ஸி ஏறிட்டார். பன்னிரண்டுக்குள்ள வந்துடுவார்."

பன்னிரண்டு. ஐந்து மணி நேரம். ரத்தம் ஒரு தடவை உள்ளே உறைந்தால் அவ்வளவுதான். சர்ஜன் ஆபரேஷன் அறைக்குள் இருந்தார். டாக்டர் இன்னும் வரவில்லை. நான் கட்டு வெட்டும் கத்தரியை எடுத்தேன்.

"அக்கா, வேணாம்."

"பேசாம இரு."

"மாமா வரட்டும். வாக்குக் கொடுத்தீங்கல்ல?"

"உன் பொணத்தைப் பார்க்கவா வருவார் உங்க மாமா?"

கத்தரியின் மொண்ணை நுனியைத் தோலுக்கும் கைக்கும் நடுவே நுழைத்தேன். அவன் கையை இழுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தத் தோல் லேசில் வெட்டுப்படவில்லை, இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. கடைசியில் டக்கென்று விட்டது. அடியில் சதை வெள்ளையாகப் பதிந்திருந்தது. நான் விரலை வைத்துக்கொண்டு எண்ணினேன். முப்பது எண்ணுவதற்குள் அதிர்வு திரும்பியது. நூலாக, பிறகு கயிறாக, பிறகு பழைய விர்ரென்ற ஓட்டம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஓடுதுடா! ஓடுதுடா பேகி!"

அவன் திரும்பவில்லை. நான் சுறுசுறுப்பாகிவிட்டேன். மருந்து தடவினேன், ஊசி போட்டேன், மெஷினைத் தட்டிவிட்டேன். தட்டில் கிடந்தவற்றையெல்லாம் வழக்கம்போல் வாரி, ஆஸ்பத்திரிக் கழிவு போடும் சிவப்புப் பெட்டியில் கொட்டினேன். ரத்தப் பஞ்சு, ஊசி உறை, கையுறை. இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை, கண் பார்க்காமலே கை செய்துவிடும். பெட்டி நிரம்பியிருந்தது. மூடியை அழுத்திச் சீல் வைத்துக் கதவோரம் தள்ளினேன்.

வேலாபி பெரியவர் பதினொன்றரைக்கே வந்துவிட்டார். கோட்டும் தொப்பியும் போட்டு, கையில் புகைபோடும் தழைக்கட்டோடு வந்தவர் மருமகனின் வெறும் மணிக்கட்டைப் பார்த்து நின்றார். அவர் மெதுவாகக் குனிந்து, பேகி காட்டிக்கொடுத்த இடத்தில் விரலை வைத்தார். அதிர்வு அவர் விரலிலும் ஏறியிருக்க வேண்டும், கையைச் சட்டென்று எடுத்தார்.

"நீ வாக்கு மீறினது தப்பும்மா" என்றார். "ஆனா உசிரு பொழைச்சுது. வெட்டினது உன் கைன்னாலும் அது நம்ம வீட்டுக் கைதான், நீயும் மபாசோதானே. நான் அவங்ககிட்ட பேசிக்கறேன். கொடு, நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

அப்பாடா என்று மூச்சுவிட்டேன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது.

எதைக் கொடுப்பேன்? கதவோரம் பார்த்தேன். பெட்டி இல்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குப்பை லாரி வரும். மாடிப்படியில் விழுந்தடித்துப் பின்முற்றத்துக்கு ஓடினேன். கேட்டில் இருந்தவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"லாரி எங்கடா?"

"போய் அரை மணி ஆச்சு சிஸ்டர். ஏன், மோதிரத்தைத் தொலைச்சிட்டீங்களா?"

லாரி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். டர்பனுக்கு வெளியே எரிப்புக்கூடம். மாகாணத்து ஆஸ்பத்திரிகளின் ஊசியும் ரத்தமும் வெட்டி எடுத்த சதையும் அங்கேதான் எரிகின்றன. நான் போன் செய்தபோது மூன்று பேர் மாறி மாறிப் பேசி, சீல் வைத்த பெட்டியைத் திறக்கச் சட்டம் இல்லை என்றார்கள்.

மேலே வந்து பெரியவரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊரார் ரத்தத்தோட சேர்த்தா?" என்று மட்டும் கேட்டார்.

பேகி அப்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

திங்கட்கிழமை லேபிலிருந்து தாள் வந்தது. நொம்வேலோவின் சிறுநீரில் புரதம், மூன்று பிளஸ். அப்பனுக்கு வந்த அதே வியாதி. ஆரம்பம்தான். மாத்திரையில் பல வருடம் தள்ளிப்போடலாம். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பேகி வந்தான். அரைக்கைச் சட்டை போட்டிருந்தான், நாற்காலியில் உட்காரவில்லை. நான் விரலை வைத்தேன். அவ்வளவு பலமாக அது எப்போதும் ஓடியதில்லை.

"என்ன வந்திருக்கு?" என்றான்.

மறைக்க முடியவில்லை. சொன்னேன். தேதியைத் தொட்டுக் காட்டினேன். "பார், இது புதன்கிழமை எடுத்தது. நான் வெட்டினது வெள்ளி. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. புரியுதா? காப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"தேதி நமக்கு அக்கா. அவங்களுக்கு ஏது தேதி?"

"முதல்ல உட்காரு. ஊசி போடுவோம். அப்புறம் என்னை எவ்வளவு வேணா திட்டு."

"உங்களைத் திட்ட என்ன இருக்கு? நீங்க என்னைப் பிழைக்க வெச்சீங்க." அவன் கதவோரம் இருந்த புதுச் சிவப்புப் பெட்டியைப் பார்த்தான். "இந்த ஊசியும் டியூப்பும், அதுல ஒட்டுற என் ரத்தமும் எங்க போகும்?"

நான் லேப் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அதே நெருப்புக்குத்தானே? அந்தக் காப்போட எங்க தாத்தாவும் அவங்கப்பாவும் அங்க கிடக்காங்க. இனிமே வாரம் மூணு நாள் நானும் போய் அதுக்குத் தீனி போடணுமா? முதல்ல அவங்களை வீட்டுக்குக் கொண்டு வாங்க. அன்னைக்கே வந்து உட்கார்றேன். நீங்க பத்து ஊசி குத்துங்க."

டாக்டர் பேசினார். அவன் சிகிச்சை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மனைவி மாசிபியாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ம்சிங்காவுக்குப் போய்விட்டான். மெஷின் இல்லாமல் ஒரு வாரம் தாங்கும், பத்து நாள் தாங்கினால் அதிசயம். வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ண வேண்டும்.

வேலாபி பெரியவர் ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் யாராவது இறந்தால் உறவினர்கள் முள்மரக் கிளையோடு வந்து, அந்தக் கட்டிலிலிருந்து ஆவியைக் கூட்டிப்போவார்கள். எத்தனை பேருக்கு நான் கதவு திறந்துவிட்டிருப்பேன்! கிளையைச் சுமப்பவர் வீடு சேரும்வரை ஆவியோடு மட்டும்தான் பேசலாம். இடையில் வேறு யாருக்காவது பதில் சொன்னால், கூட வருவது அந்த இடத்திலேயே தங்கிவிடும்.

"இது உசிரோட இருக்கறவனுக்கு வழக்கமில்ல" என்றார் பெரியவர். "ஆனா அங்க கிடக்கறது செத்தவங்கதான். கிளையை நீதான் எடுக்கணும். உன் கைதான் அவங்களை அங்க அனுப்புச்சு."

எரிப்புக்கூடத்தில் அனுமதி வாங்க நான் பட்டபாடு! புதன்கிழமை கடிதம் கொடுத்தேன். வியாழக்கிழமை இன்னொரு கடிதம் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மேலதிகாரி இல்லை. நாயாக அலைந்தேன். இடையில், இதயத்தை நிறுத்திவிடும் பொட்டாசியம் ரத்தத்தில் இறங்க மாசிபியாவுக்குப் பவுடர் கொடுத்தனுப்பி, ம்சிங்காவுக்குப் போன் செய்து, வாழைப்பழம் தராதே, தண்ணீர் தராதே என்று கெஞ்சினேன். எப்போது மூச்சு வாங்குகிறதோ, எப்போது அவன் மனசு மாறுகிறதோ உடனே எனக்குக் கூப்பிடு, அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்றேன்.

சனிக்கிழமை அனுமதி கிடைத்தது. ஞாயிறு காலை, முள்மரக் கிளையோடு வந்து இறங்கிய பெரியவரை என் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஒரு மேற்பார்வையாளர் எங்களை உலைக்குப் பின்னால் சாம்பல் கொட்டும் இடத்துக்குக் கூட்டிப்போனார். சாம்பல் நிறத்தில் ஒரு குன்று. பெரியவர் தழையைக் கொளுத்திப் புகைய விட்டு, மபாசோ முன்னோர்களின் பெயரை ஒவ்வொன்றாக அழைத்தார். வாங்க, இது உங்க இடமில்ல, வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் கிளையைச் சாம்பலில் தேய்த்துத் தூக்கினேன். முள் உள்ளங்கையில் ஏறியது. அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் இருவரும் வேறு யாரோடும் பேசவில்லை.

பின்சீட்டில் கிளையை வைத்து, அந்த இடத்தை அவர்களுக்கு விட்டோம். மூன்று மணி நேரப் பாதை. பெரியவர் வழியெல்லாம் அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். இப்ப கரும்புக்காடு தாண்டறோம். இப்ப மலை ஏறறோம். போனை நான் அணைத்திருக்கலாம். அணைக்க மனம் வரவில்லை.

மூய் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் அது அடித்தது. கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன், பெயர் தெரிந்தது. மாசிபியா.

என் கை தானாகப் போனது. பெரியவர் என் மணிக்கட்டின் மேல் கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று மனசு அலறியது. ஒருமுறை பொறுக்காமல் கத்தரியை எடுத்ததால்தானே இவ்வளவும்? ஐந்து மணி நேரம் பொறுத்திருந்தால்? பொறுத்திருந்தால் கை செத்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கையைக் காப்பாற்றி என்ன கண்டேன்? இந்த முறையாவது அவன் கேட்டதை அவன் கேட்டபடி செய்வோம் என்று பல்லைக் கடித்தேன். இன்னும் நாற்பது நிமிஷம்.

"இப்ப ஆறு தாண்டறோம்" என்றார் பெரியவர் பின்சீட்டைப் பார்த்து.

நான்கு முறை அடித்தது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. அடிக்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

வீட்டு முற்றத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளையைத் தூக்கிக்கொண்டு வட்டக்குடிசைக்குள் குனிந்து நுழைந்தேன். பின்சுவரோரம், முன்னோருக்கு உரிய இடத்தில் கிளையை வைத்தேன். பெரியவர், வந்துட்டாங்க, என்றார். இனிப் பேசலாம்.

அந்த இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி, பாயில் பேகி படுத்திருந்தான். முகம் ஊதியிருந்தது. போர்வைக்கு வெளியே இடது கை. நான் மண்டியிட்டு இரண்டு விரலை வைத்தேன். எடுத்து, துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தேன். சூடு இன்னும் இருந்தது. அதிர்வு இல்லை.

மாசிபியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"நாலு தடவை கூப்பிட்டேன் அக்கா" என்றாள். "திடீர்னு கண்ணைத் திறந்தார். ஆத்துப் பாலத்துக்கிட்ட வந்துட்டாங்க, எனக்குத் தெரியுது, அக்காவுக்குப் போன் போடு, ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லு, வந்து ஊசி போட்டுக்கறேன்னார். சிரிச்சார்கூட. இன்ஜின் ஓடுதுன்னு அக்காகிட்ட சொல்லுன்னார்."

கிரேட்டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம். வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். அந்தக் கணக்கை நான் இன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், விடை ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக வருகிறது. கடவுளே, ஒரு வார்த்தை, ஹலோ என்ற ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நான்.

வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் முள் உடைந்து நின்றிருந்தது, அதைப் பிடுங்கத் தோன்றவில்லை. நொம்வேலோ வந்து என் அருகே உட்கார்ந்தாள். கண்ணைச் சுற்றி வீக்கம் காலையிலிருந்து வடியவில்லை. அழுததாலா, வியாதியாலா, எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அவள் தன் இடது கையை என் மடியில் நீட்டினாள்.

"பாருங்க சிஸ்டர்."

"எதைம்மா?"

"அப்பா சொன்னார், எனக்கும் ஒரு நாள் இன்ஜின் வெப்பீங்கன்னு. பயப்படாதே, அக்கா நல்ல மெக்கானிக்னு. ஓடுதான்னு பாருங்க."

இரண்டு விரலை வைத்தேன். மெல்லிய கை. சின்னப் பிள்ளையின் நாடி, டக் டக் என்று, வேறு ஒன்றுமில்லை.

"இல்லம்மா" என்றேன். "உனக்கு அதெல்லாம் வேணாம்."

அவள் என்னை நம்பவில்லை. வார்டில் அவள் அப்பாவின் மூன்றாம் நாற்காலி அன்று காலியாக இருந்தது, அது அவளுக்காகக் காத்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது.